ஒரு நாள் தூரம்

நம்மவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. காசியைப் பார்த்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சிம்லாவின் குளிரைப் பற்றியும், சிங்கப்பூரின் சுத்தத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் ஓயாமல் பேசக்கூடியவர்கள் இருப்பார்கள். ஆனால் சொந்த ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் குன்றின் மேல் என்ன இருக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அங்கேயா? அங்கே என்ன இருக்கிறது? நாலு ஆடு மேயும்" என்று பதில் வரும். ரயில் கட்டணம் ஏற ஏறத்தான் ஊருக்கு அழகும் ஏறும் போலிருக்கிறது!

எனக்கு ஊர் ஒலக்கூர். சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் பாதையில் அச்சிறுபாக்கம் தாண்டி, தொழுப்பேடு தாண்டி, திண்டிவனத்துக்கு முன்னால் வருகிற ஒரு சின்ன ஸ்டேஷன். பாசஞ்சர் வண்டிகள் நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஓர் ஊதலோடு மரியாதையை முடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்துப் பெருஞ்சாலையிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பித்தால் சனிக்கிழமை மத்தியானம் வரையில் சென்னைக் கார்கள் தெற்கே பாய்ந்துகொண்டிருக்கும். ஞாயிறு மாலை அவையே வடக்கே பாயும். நடுவில் அவை நிற்கிற இடங்கள் இரண்டு: ஒன்று சுங்கச்சாவடி, மற்றொன்று காப்பிக் கடை.

அப்படி ஒரு காரில் வந்த சென்னை நண்பர் ஒருவர், காப்பியைக் குடித்துக்கொண்டே, "உங்க ஊர்ப் பக்கம் பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். மனிதர் நல்லவர்; கேள்வியில் கேலி இல்லை. அவருக்கு அப்போது சொல்ல ஆரம்பித்த பதில் காப்பி ஆறுவதற்குள் முடிகிற பதிலாக இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒலக்கூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் புறப்பட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வரக்கூடிய தூரம் எதுவோ அதுதான் வட்டத்தின் எல்லை. கிழக்கே மரக்காணம். மேற்கே செஞ்சி. வடக்கே வேடந்தாங்கல். தெற்கே மயிலமும் திருவக்கரையும். இந்த வட்டத்துக்குள் மனிதர்கள் எப்படி எப்படிப் போய் வந்தார்கள் என்று பார்த்தால், அதுவே ஒரு சரித்திரம். அதில் அரசர்கள் வருவார்கள். ஆனால் கதாநாயகர்கள் அவர்கள் அல்லர்.

*

முதலில் வருகிறவர் ஒரு பாணர். பாட்டில் அவருக்குப் பெயர் இல்லை. அவருக்கு வழி சொன்னவருக்குப் பெயர் உண்டு: நல்லூர் நத்தத்தனார். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர். 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இலக்கியந்தான், ஆனால் அதற்குள் ஒரு வழிகாட்டிப் புத்தகமும் இருக்கிறது.

ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் போய்ப் பரிசில் பெற்றுக்கொள் என்று, பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பாணர், எதிரே வரும் இன்னொரு பாணருக்குச் சொல்கிறார். நல்லியக்கோடனுடைய ஊர் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தை ஒட்டியிருக்கும் கிடங்கல்தான் அது. அங்கே போய்ச் சேர மூன்று ஊர்களைத் தாண்ட வேண்டும். முதல் ஊர் எயிற்பட்டினம், கடற்கரை. அதை மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். இரண்டாவது ஊர் வேலூர். கோட்டை வேலூர் அல்ல, நம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். மூன்றாவது ஆமூர், அதைத் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள நல்லாமூர் என்று சொல்வார்கள்.

ஒவ்வோர் ஊரிலும் என்ன கிடைக்கும் என்று புலவர் கூசாமல் பட்டியல் போடுகிறார். எயிற்பட்டினத்தில் பரதவர்கள் பழகிய தேறல் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட உலர்ந்த குழல்மீன். வேலூரில் எயிற்றியர் சமைத்த சூடான புளிச்சோறு. கூடவே காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சி. ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாற இலையும் மாறுகிறது. நல்லியக்கோடன் வீட்டு விருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் என் மனத்தை விட்டு அகலாத இடம் விருந்து அல்ல. அதற்கு முன்னால் பாணருடைய வீடு ஒன்று வருகிறது. அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அடுப்பு மூட்டி நாளாகிவிட்டால்தானே அங்கே நாய் படுக்கும்? பாணருடைய மனைவி குப்பைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு சாப்பிடும்போது, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்த வீட்டில் இல்லாத பொருள் உப்பு. பாணரை முதலில் அனுப்புவது எங்கே? இன்றைக்கும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் மரக்காணத்துக்கு! கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், இது தற்செயலாக அமைந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

புளிச்சோற்றையும் சும்மா விட்டுவிடக் கூடாது. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்று பொருள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். ஊர்ச் சிவனுக்குத் திந்திரிணீசுவரர் என்று திருநாமம். அந்தக் காட்டின் ஓரத்தில் அன்று பாணர் சாப்பிட்டது புளிச்சோறு. இன்று எந்த வீட்டிலாவது ஒரு நாள் பயணம் என்று பேச்சு எழுந்தால், அம்மாக்கள் முதலில் புளியைத்தான் ஊறப்போடுகிறார்கள். இடையில் எத்தனையோ ராஜ்யங்கள் வந்து போய்விட்டன. கட்டுசாதம் மாறவில்லை.

பாட்டின் கடைசியில், பரிசிலை நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிக்காமல், தேரும் காளையும் ஓட்டுவதற்கு ஆளும் கொடுத்து நல்லியக்கோடன் அன்றைக்கே அனுப்பிவிடுவான் என்று வருகிறது. போன அன்றே காரியம் முடிந்து திரும்புகிற பயணம்!

நல்லியக்கோடன் திண்டிவனத்தில் இன்றும் இருக்கிறான். ஒரு குடியிருப்புக்கு நல்லியக்கோடன் நகர் என்று பெயர். ஷேர் ஆட்டோக்காரர்கள் நாளைக்கு நூறு தடவை அந்தப் பெயரைக் கூவுகிறார்கள்.

*

பாணர் போனது பசிக்காக. அவருக்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் இந்த வழிகளில் போனவர்களுக்கும் ஏதாவது ஒரு காரியம் இருந்தது. உப்பு வண்டி போயிற்று, நெல் வண்டி போயிற்று, பெண் பார்க்கப் போனார்கள், வழக்குக்குப் போனார்கள். காரியமில்லாமல் ஊர் சுற்றுகிறவனுக்கு நம் கிராமங்களில் வேறு பெயர் இருந்தது. அது அவ்வளவு கௌரவமான பெயர் அல்ல.

சந்தோஷத்துக்காகப் போவது என்றால், அதற்குச் சாமி துணை வேண்டியிருந்தது. மயிலம் முருகனுக்குப் பங்குனி உத்திரம். மலையடிவாரத்தில் வண்டிகள் அவிழ்த்துப் போடப்படும். நேர்த்திக்கடன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் வளையல் கடை, ராட்டினம், உறவினர் வீட்டுச் சமாசாரம். சாமிகூடச் சும்மா இருப்பதில்லை. மாசி மகத்துக்கு மயிலத்து முருகன் மலையிறங்கிப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். நான் சொன்ன நல்லியக்கோடன் நகரிலிருந்து சீனிவாசப் பெருமாளும் அங்கே போகிறார். பல ஊர்ச் சாமிகள் ஒரே மணலில் வரிசையாக நின்று கடல் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்புகின்றன. வழியெல்லாம் மண்டகப்படி உண்டு. இதைவிட லட்சணமான உல்லாசப் பயணத்தை யார் திட்டமிட்டுவிட முடியும்?

என் பாட்டி வாழ்நாளில் பார்த்த அதிகபட்ச தூரம் மயிலந்தான் என்று நினைக்கிறேன். இரட்டை மாட்டு வண்டியில் போவார்களாம். அமாவாசையில் ஏர் பூட்டுவதில்லை என்பதால் அன்றைக்கு மாடும் ஆளும் ஓய்வாக இருக்கும். சின்னச் சின்னப் பயணங்களெல்லாம் அந்த நாளில்தான். ஒரு தடவை அவரிடம், "மயிலத்துல என்ன பாட்டி பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"மயிலத்துல சாமியப் பார்த்தேன். வழியிலதான்டா நெறையப் பார்த்தேன்" என்றார். "எந்தக் கெணத்துத் தண்ணி உப்பு, எது இனிப்பு, எந்த வூட்டுத் திண்ணையில உட்கார வச்சு மோரு கொடுப்பாங்க, எவ வூட்டுக்குப் போனா மூஞ்சியத் திருப்பிக்குவா, எல்லாம் எனக்குத் தெரியும்."

வண்டி மணிக்கு இரண்டரை மைல் போகும். அந்த வேகத்தில் கிணற்றுக்கும் முகம் இருக்கும், திண்ணைக்கும் பேர் இருக்கும்.

*

படைகளுக்கும் இந்த ஒரு நாள் தூரம்தான் அளவுகோல். ஒரு நாள் நடைக்கு ஒரு கோட்டை என்று இந்தப் பிரதேசம் முழுவதும் கோட்டைகளைக் காணலாம். செஞ்சி, வந்தவாசி, பெருமுக்கல், கடற்கரையில் ஆலம்பரை. இவற்றின் கதையை விரிவாகச் சொன்னால் நாவலாகிவிடும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராமை முற்றுகையிட்ட மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை அந்த மலைகளின் அடியில் கிடந்தது. 1714-இல் தேசிங்கு ராஜா ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்டான். இன்றும் கூத்திலும் கதைப்பாட்டிலும் குதிரையேறி வருகிறான். 1750-இல் செஞ்சி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர். அதே ஆண்டில் ஆங்கிலேயர் பெருமுக்கலைப் பிடித்தார்கள். ஆலம்பரையைப் பிடித்து இடித்தார்கள். 1761-இல் புதுச்சேரியும் செஞ்சியும் அவர்கள் வசமாயின.

தெற்கிந்தியாவில் ஆளப்போவது பிரெஞ்சுக்காரனா ஆங்கிலேயனா என்ற கேள்வி ஐரோப்பாவில் மட்டும் தீர்ந்ததல்ல. நாம் இன்றைக்குப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற இந்த வயல்வெளிகளிலும் தீர்ந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். செய்தி வந்த வாரம் திண்டிவனத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம், "அப்படி என்னதாங்க இருக்கு அங்க? ஒரு தடவை போய்ப் பார்த்துடணும்" என்றார். செஞ்சி அவருடைய கடையிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

*

காரியம் இல்லாமல், சாமி இல்லாமல், சண்டை இல்லாமல், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது என்ற வழக்கம் எப்போது வந்தது? அதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று ரயில், மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை.

உலகமெங்கும் உல்லாசப் பயணக் கம்பெனிகளுக்கு மூதாதை என்று தாமஸ் குக் என்பவரைச் சொல்வார்கள். அவர் முதன்முதலில் ஏற்பாடு செய்த பயணம் எகிப்துக்கும் இல்லை, இத்தாலிக்கும் இல்லை. 1841 ஜூலை 5-ஆம் தேதி, இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு. தூரம் 11 மைல். போக வர ஒரு ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஏறக்குறைய 500 பேரை ரயிலில் அழைத்துப் போய் அன்றைக்கே திரும்ப அழைத்து வந்தார். ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போய் வருவதைவிட அது பெரிய தூரமல்ல. உலகப் பயணங்களின் விதை ஒரு நாள் பயணம்!

நம் பக்கத்துக்கு ரயில் வந்தது 1870-களில். குறுகலான மீட்டர் பாதை. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளையும் போட்டார்கள். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி பிரயாணிகளுக்காகப் படங்களோடு வழிகாட்டிப் புத்தகமே வெளியிட்டது. நத்தத்தனார் செய்த வேலையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், புளிச்சோற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

ரயில் வந்துவிட்டது, ஏறுவதற்கு நாள் வேண்டுமே? இன்று ஞாயிறு விடுமுறை என்பது சூரியன் உதிப்பதைப் போல இயற்கையாகத் தோன்றுகிறது. ஆனால் அது கேட்டுப் பெற்ற வரம். பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884 முதல் விடாமல் மனுக்கொடுத்துக் கூட்டம் நடத்தினார். 1890 ஜூன் 10-ஆம் தேதிதான் மில் முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை லீவுக்குச் சம்மதித்தார்கள். மறு ஆண்டு, 1891-இல், தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம் பெற்றது. மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமையும் சேர்த்து இரண்டு நாள் கிடைத்தது 1985-இல்.

வயலில் வேலை செய்கிறவனுக்கு இந்த ஞாயிறு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உப்பளத்தில் நிற்கிறவளுக்கும் அப்படித்தான். வெயில் அடிக்கிற நாளெல்லாம் அவளுக்கு வேலை நாள். மழைதான் விடுமுறை, சம்பளமில்லாத விடுமுறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, உப்புக் குவியல்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், ஒருவருடைய உல்லாசமும் இன்னொருவருடைய உழைப்பும் பத்தடி தூரத்தில் நிற்பதைக் காணலாம்.

*

பாணரின் கால்நடையிலிருந்து காரின் வேகம் வரைக்கும் வந்துவிட்டோம். வட்டம் பெரிதாகிவிட்டது, காலையில் ஒலக்கூரில் இட்டிலி சாப்பிட்டவர் மத்தியானம் டில்லியில் சப்பாத்தி சாப்பிடலாம். ஆனால் வட்டம் பெரிதாகப் பெரிதாக நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. எது மிகப் பக்கத்தில் இருக்கிறதோ, அதன் வழியாக நாம் மிக வேகமாகப் போகிறோம். நிற்பதற்குக் காரியமும் இல்லை.

நிற்கிறவனுக்குக் கிடைப்பதை மட்டும் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் செய்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று வடமொழியில் கல்வெட்டு வைத்திருக்கிறான். 1,400 ஆண்டுக்கு முந்திய அந்த வரிகளில் ஒரு புது வித்தையைக் கற்றுக்கொண்ட வாலிபனுடைய பெருமிதம் அப்படியே இருக்கிறது. மாமல்லபுரத்தின் அழகெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் லட்சம் பேர். மண்டகப்பட்டில் நான் போன அன்று, துவாரபாலகர் இருவரையும் சேர்த்தால் மூன்று பேர் இருந்தோம்.

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்று. ஒரே பாறையில் இருபத்து நாலு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்தின் தொடக்கத்தை ஆராய்கிறவர்கள் தேடி வருகிற கல்வெட்டு அது. கிழக்கே விருந்து தேடி நடந்த பாணர். மேற்கே உணவைத் துறந்து அமர்ந்த முனிவர். இரண்டும் ஒரு நாள் வட்டத்துக்குள்!

திருவக்கரைக்கு வாருங்கள். சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியும் பிரசித்தம். செம்பியன் மாதேவி என்ற சோழ அரசி, ராஜராஜன் காலத்தில், 1001-ஆம் ஆண்டில் இங்கே கற்றளி எடுத்தாள். அந்த ஊரின் இன்னோர் அதிசயம் கோயிலுக்கு வெளியே தரையில் கிடக்கிறது: கல்லாகிப்போன மரங்கள். வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இலேயே இவற்றைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைப் பாதுகாக்கத் தொடங்கியது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதால், வெள்ளத்தில் உருண்டு வந்து மண்ணில் புதைந்தவை என்று ஊகிக்கிறார்கள். நம் புளியும் புங்கும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்து மரங்களும் அவற்றில் உண்டு.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு வேறு விளக்கம் சொன்னார்.

"மரம்னு படிச்சவங்க சொல்றாங்க. அது எலும்புங்க. வக்கராசுரனைக் காளி கொன்னப்போ சிதறின எலும்பு."

"நீங்க எதை நம்பறீங்க, ஐயா?"

அவர் சிரித்தார். "எலும்புன்னு நெனச்ச வரைக்கும் ஒருத்தனும் தொடலைங்க. மரம்னு தெரிஞ்சப்புறம் வர்றவன்லாம் ஒரு துண்டு எடுத்துப் பையில போட்டுக்கறான். அதான் வேலி."

சரித்திரப் புத்தகத்திலும் புவியியல் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத உண்மை அது. பயம் இருந்த வரையில் பயம் காத்தது. பயம் போன பிறகு அறிவு காக்க வேண்டும். அறிவு வந்து சேருவதற்குள் பை நிறைந்துவிடுகிறது.

இது திருவக்கரையின் கதை மட்டுமல்ல. அந்தப் பக்கம் சாலையில் போகிறவர்களின் கண்ணில் கல்குவாரிகளின் வெள்ளைத் தூசி படாமல் இருக்காது. மலை என்பது ஜல்லி என்று ஆகிவிட்ட காலம். மரக்காணம் சாலையிலுள்ள பெருமுக்கல் மலைமேல் சிவன் கோயில் இருக்கிறது, கோட்டையின் மிச்சம் இருக்கிறது, சீதை குகை என்று சொல்லப்படும் இடத்தில் ஆதி மனிதன் பாறையில் கீறிய கோடுகள் இருக்கின்றன. எழுத்து பிறப்பதற்கு முந்தைய கையெழுத்து! பார்க்கத் தெரியாதவனுக்கு அவை கல்லில் விழுந்த கீறல். அவன் தன் பெயரையும் பக்கத்தில் கீறிவிட்டுப் போவான். ஆங்கிலேயர் இடித்தது போக நின்ற ஆலம்பரைக் கோட்டைச் சுவரை 2004 சுனாமியும் கொஞ்சம் கொண்டுபோயிற்று. கடலைத் தடுக்க முடியாது. மற்றதையெல்லாம் தடுக்கலாம், தடுக்கிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தால்.

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, நம் வட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

*

மதுராந்தகத்துக்கு அருகில் வேடந்தாங்கல் ஏரி. பெரிய ஏரி அல்ல. ஏறக்குறைய 30 ஹெக்டேர். கார்த்திகையில் நீர் நிறைந்தால், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா. கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அவற்றுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து, கோடை வந்ததும் புறப்பட்டுவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 1798-இல் அந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவந்தார்கள். கம்பெனி துரைத்தனத்தின் துப்பாக்கிக்கு எதிரே, கம்பெனி துரையின் கையெழுத்தையே கேடயமாகப் பிடித்த குடியானவர்கள்! வனவிலங்குச் சட்டம், சரணாலயம் என்ற சொற்களெல்லாம் அப்போது இந்த நாட்டில் இல்லை. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான் இவர்.

கிராமத்தார் ஏன் அவ்வளவு அக்கறைப்பட்டார்கள்? வெறும் கருணை என்று சொன்னால் அழகாக இருக்கும். அவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து உரமாகி வயலுக்குப் பாய்கிறது. பறவை வந்தால் நெல் விளையும். அதனால் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊர் அது. பரிசில் பெற வந்தவன் பரிசிலும் கொடுத்துவிட்டுப் போகிறான். நல்லியக்கோடனுக்குக்கூடக் கிடைக்காத விருந்தாளி! 2022-இல் வேடந்தாங்கல், ராம்சார் என்று சொல்லப்படும் உலக ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளி 2021-இல் சரணாலயமாகி, 2024-இல் அதே பட்டியலில் இடம் பெற்றது. உலகம் இப்போது ஒப்புக்கொண்டதை வேடந்தாங்கல்காரர்கள் இருநூறு ஆண்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

அவர்கள் அந்த ஏரியைத் தினமும் பார்த்தார்கள். எத்தனை கூடு, எந்த மரத்தில், எப்போது வந்தன என்று தெரிந்தவர்களுக்குத்தான், ஒரு நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது எதை இழக்கிறோம் என்பது தெரிந்தது. பார்க்காத ஊராக இருந்திருந்தால் சுட்டதும் தெரிந்திருக்காது.

ஆகவே சென்னை நண்பருக்கு என் பதில் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பார்ப்பதற்கு ஒரு பாணரின் வழி இருக்கிறது, ஒரு பல்லவனின் பெருமிதம் இருக்கிறது, அசுரனின் எலும்பு இருக்கிறது, பட்டினி கிடந்த முனிவரின் பாறை இருக்கிறது, வருஷம் தவறாமல் வரும் விருந்தாளிகள் இருக்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரை எங்கும் ஓடிவிடாது. ஒரு சனிக்கிழமை, சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டியைத் திருப்புங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். கல் எதையும் எடுக்காதீர்கள். பெயர் எதையும் கீறாதீர்கள். வழியில் கிணறு இருந்தால் தண்ணீர் எப்படி என்று யாரையாவது கேளுங்கள்.

நண்பரைவிட முக்கியமாக, திண்டிவனத்துக் கடைக்காரருக்கும் ஒலக்கூர் ஸ்டேஷனில் இறங்குகிற என் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல ஆசை. வருகிறவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். துப்பாக்கிச் சத்தமோ, குவாரி வெடிச் சத்தமோ கேட்கிற தூரத்தில் இருக்கப்போகிறவர்கள் நாம்தான்.